உன் நைனா பிறந்த மலை

கண்ணு,

நீயும் சுகன்யாவும் ரயிலேறிப் போய் இன்றோடு பத்தொன்பது நாளாகிறது. விசாகப்பட்டினத்தில் வீடு பிடித்துவிட்டதாகவும், துறைமுகத்தில் கிரேன் வேலைக்கு மறுபடி போக ஆரம்பித்துவிட்டதாகவும் நேற்று போனில் சொன்னாய். வைக்கப் போகிற நேரத்தில், "அம்மா, நைனாவப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியலம்மா. சுகன்யா கேக்குறா, எனக்குப் பதில் சொல்ல வரல" என்றாய். நான் அப்புறம் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். போனில் சொன்னால் நடுவில் அழுதுவிடுவேன். நீயும் பதறிப்போய் "உடும்மா, உடும்மா" என்பாய். பாதியிலேயே நின்றுவிடும். அங்கன்வாடியில் இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு ‘அ’ எழுதிக் காட்டிய கை இது. எழுத உட்கார்ந்தால் முடிக்காமல் எழுந்திருக்காது. இதை நீ சுகன்யாவுக்கும் படித்துக் காட்டு. உன் பெரியப்பா கேட்டால் அவருக்கும் காட்டலாம். நான் வெட்கப்பட வேண்டிய விஷயங்கள் இதில் இருக்கின்றன. அவை இத்தனை காலம் என்னிடமே இருந்தது போதும்.

முதலில் உனக்கு நன்றி சொல்லிவிடுகிறேன். கல்யாணக் கூட்டத்தில் சொல்ல முடியவில்லை. மணையில் நீ உட்கார்ந்திருந்தாய். பசியாவரத்திலிருந்து படகில் வந்த பெண் வீட்டார் பந்தல் நிறைய இருந்தார்கள். "தகப்பன் ஸ்தானத்துல யாருப்பா உக்காருறது?" என்று ஐயர் கேட்டார். உன் பெரியப்பா சரிகை வேட்டியோடு தயாராக நின்றார். உன்னைப் பெற்றவரின் கூடப்பிறந்த அண்ணன், அவர் உட்காருவதுதான் முறை என்று ஊரே நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்து வாயைத் திறக்காமல் நின்றேன். உன்னை வளர்த்தவர் அன்றைக்கும் காலையிலேயே போய்க் கடையைத் திறந்துவிட்டார். படகில் வருகிறவர்கள் டீ கேட்பார்களாம். அதற்காகத் திறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். நீ சட்டென்று எழுந்தாய். "இருங்க சாமி. என் நைனா கடையில கீறாரு. நான் போய் இட்டுனு வரேன்" என்றாய். மாலையும் கழுத்துமாக நீ தெருவில் நடந்து போனதைப் பந்தலே எழுந்து நின்று பார்த்தது. கடை வாசலில் நீ அவரிடம் என்ன சொன்னாய் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவரும் சொல்லவில்லை. கையிலிருந்த டீ வடிகட்டியை வைக்க இடம் தெரியாமல் அவர் தடுமாறியது மட்டும் பந்தலிலிருந்தே தெரிந்தது. சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, பட்டாளத்து நடையில் உன் பக்கத்தில் வந்தார். உன் பெரியப்பாதான் விலகி இடம்விட்டார். "வா, வந்து உக்காரு" என்றார். அந்த வாய் ஒரு காலத்தில் வேறு சொன்னது. அதையும் எழுதுகிறேன்.

அவர் பேர் தில் பகதூர். அந்தப் பேரைக் கல்யாணப் பத்திரிகையில் அச்சில் பார்த்தபோதுதான் குப்பத்தில் பாதிப் பேருக்கு அவருக்குப் பேர் ஒன்று உண்டு என்பதே தெரிந்தது. பிறந்தது நேபாளத்தில், பொக்காரா என்கிற ஊரிலிருந்து இரண்டு நாள் நடந்து ஏற வேண்டிய ஒரு மலைக் கிராமம். படிப்படியாக வெட்டிய சின்னச் சின்ன வயலில் மக்காச்சோளமும் கேழ்வரகும் போடுவார்களாம். இங்கே முதல் தடவை கேழ்வரகுக் கூழைக் கையில் வாங்கியபோது ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி சிரித்தார். பதினெட்டு வயதில் நம் நாட்டு ராணுவத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்டு இறங்கிப் போயிருக்கிறார். மார்பில் சாக்பீஸால் நம்பர் எழுதி வரிசையில் நிறுத்தினார்களாம். பதினேழு வருஷம் பனியிலும் அஸ்ஸாம் காட்டிலும் இருந்தார். சண்டையைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் கேட்டால் கோவேறு கழுதைகளைப் பற்றிப் பேசுவார். பனியில் உருளைக்கிழங்கு வேக எவ்வளவு நேரமாகும் என்று சொல்வார். இடையில் ஊரில் கல்யாணமாகியிருக்கிறது. பிரசவத்தில் அந்தப் பெண்ணும் பிள்ளையும் போய்விட்டார்கள். செய்தி அவர் இருந்த பனி முகாமுக்கு வந்து சேர இருபத்திரண்டு நாள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வேலை முடிந்து ஊருக்குத் திரும்பியும் அந்த வீட்டில் நாலு மாதத்துக்கு மேல் இருக்க முடியவில்லை. கூட வேலை பார்த்த ஒருவர், தெற்கே ஏரிக்கரையில் இறால் பண்ணைக்குக் காவல் ஆள் தேவை என்று எழுத, கிளம்பி வந்துவிட்டார். அதுவரை கடலைப் பார்த்ததே இல்லை. முதல் நாள் சவுக்குத் தோப்புக்கு நடுவே நீலமாக ஏதோ உயர்ந்து நின்றதைப் பார்த்து, இங்கேயும் மலை இருக்கிறது என்று சந்தோஷப்பட்டாராம்.

உன்னைப் பெற்ற நைனாவைப் பற்றி உனக்குத் தெரியும். வாடைக் காற்று நாளில் முகத்துவாரத்தில் கட்டுமரம் கவிழ்ந்தது. கூடப் போன இரண்டு பேர் நீந்திக் கரையேறினார்கள். அவர் வரவில்லை. உனக்கு அப்போது பதினோரு மாதம். மூன்று நாள் ஊர் ஆண்கள் தேடினார்கள். மூன்றாம் நாள் மத்தியானம், தெற்கே கிளிஞ்சல் பொறுக்கப் போன பெண்கள் ஓடி வந்தார்கள். நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு மணலில் ஓடினேன். இறால் பண்ணைக் குழாய் கடலில் இறங்குகிற இடத்தில் அவர் ஒதுங்கியிருந்தார். பக்கத்தில் பனியனோடு ஒரு ஆள், கையில் கம்போடு, நேராக நின்றிருந்தார். அவருடைய சட்டை உன் நைனாவின் முகத்தின் மேல் இருந்தது, அவருடைய கம்பளி உடம்பின் மேல். கொஞ்ச தூரத்தில் நாலு நாய்கள் உட்கார்ந்திருந்தன. பொழுது விடிந்ததிலிருந்து அப்படி நின்றிருக்கிறார். யாரையாவது கூப்பிடப் போனால் நாய் வந்துவிடும், அந்தக் கரையில் வேறு மனிதர் கிடையாது. அதனால் யாராவது வரும்வரை, தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றிருக்கிறார். என்னையும் உன்னையும் பார்த்ததும் நாலடி பின்னால் போனார். பண்ணைக்கு வருகிறவர்களிடம் சொல்ல மேனேஜர் சொல்லிக் கொடுத்திருந்த இரண்டு வார்த்தைதான் அவருக்கு அன்று தெரிந்த தமிழ். "நீங்க வாங்க" என்றார். அன்றைக்கு எத்தனையோ பேர் எனக்கு எத்தனையோ ஆறுதல் சொன்னார்கள். ஒன்றும் நினைவில் இல்லை. அந்த இரண்டு வார்த்தை மட்டும் இருக்கிறது. உன் நைனாவை முழுசாக எனக்குக் கொடுத்தவர் அவர். அதற்கு மேல் அவர் எனக்கு எதுவும் செய்யாமல் இருந்திருந்தாலும் நான் கடமைப்பட்டவள்தான்.

இறாலுக்கு நோய் வந்து அந்தப் பண்ணை ஒரு வருஷத்துக்குள் மூடிவிட்டது. வெளியூர் ஆட்கள் எல்லோரும் போனார்கள். இவர் மட்டும் ஒரு தகரப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நம் லைட்ஹவுஸ் குப்பத்துக்கு வந்து, என் பால்வாடிக்கு அடுத்த குடிசையில் கடை போட்டார். டீ, பன், அரிசி, பீடி, வலைக்கு நைலான் நூல், மிதவை. கடலுக்குப் போகிறவர்களுக்குத் தீப்பெட்டி நனையாமல் இருக்க, ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் பையில் போட்டு மெழுகுவத்திச் சுடரில் வாயை ஒட்டித் தருவார். அதற்காகவே பக்கத்துக் குப்பத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். டப்பாக்கள் எல்லாம் அணிவகுப்பு மாதிரி ஒரே பக்கம் பார்த்து நிற்கும். தமிழை ‘நீங்க வாங்க’விலிருந்து ஆரம்பித்ததால் அவருக்கு மரியாதை இல்லாத தமிழ் வரவே இல்லை. குழந்தைகளையும் நீங்க என்பார். கருவாட்டை இழுக்க வரும் நாயைப் பார்த்தும் "நீங்க போங்க, தப்பு" என்பார். ஊர் சிரித்தது. ஆனால் வீட்டில் யாரும் வாங்க என்று கூப்பிடாத கிழவர்கள் எல்லாம் அந்தக் கடையில் போய் உட்கார ஆரம்பித்தார்கள். நீ தனியாக நடமாட ஆரம்பித்ததும் முதலில் போன இடம் அதுதான். பால்வாடியில் நான் முட்டை அவித்துக்கொண்டிருக்கும்போது காணாமல் போவாய். போய்ப் பார்த்தால் அரிசி மூட்டை மேல் தூங்கிக்கொண்டிருப்பாய். ஈ மொய்க்காமல் அவர் பழைய பேப்பரால் விசிறிக்கொண்டே வியாபாரம் பார்ப்பார்.

உனக்கு மூன்று வயது ஆகும்போது அவர் என்னிடம் கேட்டார். பட்டப்பகலில், பால்வாடி வாசலில் நின்று, எல்லோர் கண்ணிலும் படும்படி கேட்டார். "நீங்க தனியா இருக்கீங்க. நான் தனியா இருக்கேன். பையன் எப்படியும் என் கடையிலதான் தூங்குறாங்க. நீங்க யோசிச்சு சொல்லுங்க." எனக்கு யோசிக்க எட்டு மாதம் ஆயிற்று. அந்த எட்டு மாதமும் அவர் மறுபடி கேட்கவில்லை. முகத்தையும் மாற்றிக்கொள்ளவில்லை. நான் சரி என்று சொன்ன அன்று ஊர்க் கூட்டம் போட்டார்கள். அம்மன் கோயில் முன்னால் மணலில் ஆண்கள் உட்கார்ந்தார்கள். உன் பெரியப்பா எழுந்து, "இவன் ஊரு இன்னா, சனம் இன்னா, எவனுக்குத் தெரியும்? நாளைக்கே மூட்டைய கட்டினு மலைக்குப் போயிட்டான்னா, இந்தப் பொண்ணு புள்ளையத் தூக்கினு எங்க போய்த் தேடும்?" என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, தம்பி பிள்ளை மேல் இருந்த பயத்தில்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வி என் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இவர் எழுந்து நின்று, "நான் சொல்லாம எங்கயும் போனது இல்லீங்க" என்றார். கடைசியில் ஊர் ஒத்துக்கொண்டது, ஒரு நிபந்தனையோடு. சாமி காரியத்திலும் நல்லது கெட்டதிலும் அவர் முன்னால் வந்து நிற்கக் கூடாது. நாங்கள் பொன்னேரிக்குப் போய்ப் பதிவு செய்துகொண்டு வந்தோம். அன்றிலிருந்து நம் ஊர் ஆடித் திருவிழா ஒவ்வொன்றிலும் அவர் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று கும்பிட்டதைத்தான் நீ பார்த்திருக்கிறாய். ஏன் என்று நீ கேட்டதில்லை. நான் சொன்னதும் இல்லை.

உன் பெரியப்பாவின் கால் விஷயம் உனக்குப் பாதிதான் தெரியும். நீ இரண்டாம் வகுப்பு. பாலம் வராத காலம். அலையில் ஃபைபர் படகைத் தள்ளும்போது அது திரும்பி, மோட்டார் விசிறி அவர் கெண்டைக்கால் சதையைக் கிழித்துவிட்டது. மணல் சிவப்பாகிவிட்டது. ஆண்கள் எல்லோரும் கத்தினார்களே தவிர என்ன செய்வதென்று தெரியவில்லை. இவர் கடையிலிருந்து ஓடினார். வலைக் கயிற்றை முழங்காலுக்கு மேலே சுற்றி, ஒரு குச்சியைச் செருகி முறுக்கினார். ஏரிப் பக்கம் படகுத்துறைக்குப் போக அரை மணி நேரம் மணலில் நடக்க வேண்டும். பலகையில் வைத்துத் தூக்கினால் ஆள் சரிகிறார். இவர் ஒரு மீன் கூடையின் பக்கத்தை அறுத்தார், அதில் உன் பெரியப்பாவை உட்கார வைத்தார், சாக்கை மடித்துப் பட்டையாக்கித் தன் நெற்றியில் மாட்டிக்கொண்டு முதுகில் தூக்கிவிட்டார். அவர் ஊரில் அப்படித்தான் மலை ஏறுவார்களாம். தன்னைவிட ஒரு சாண் உயரமான ஆளை, குனிந்து, ஒரு வார்த்தை பேசாமல் தூக்கிக்கொண்டு போனதை நான் பின்னாலேயே ஓடிப் பார்த்தேன். அதைவிடப் பெரிது அடுத்து நடந்தது. அவருக்குத் தண்ணீர் என்றால் பயம். உன்னைப் பெற்றவரை அப்படிப் பார்த்ததிலிருந்தோ என்னவோ, படகில் கால் வைத்ததே இல்லை. பழவேற்காட்டுக்குச் சரக்கு எடுக்கப் போனால்கூட, தண்ணீர் முழங்காலுக்கு மேல் வராத வழியாகப் பார்த்து, சுற்றிக்கொண்டு நடந்து போகிறவர். அன்றைக்கு ஏறி உட்கார்ந்தார். அந்தக் குச்சியை இரண்டு கையாலும் பிடித்தபடி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, அவர் பாஷையில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே அக்கரை போனார். உன் பெரியப்பா பிழைத்தார். அதற்குப் பிறகு பீடிக்குக்கூட வேறு கடைக்குப் போகவில்லை. ஆனாலும் ஊர் போட்ட அந்த நிபந்தனையைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. நன்றி இல்லாமல் இல்லை. ஒரு தடவை ஊர் முன்னால் சொன்னதை எப்படித் திரும்ப எடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. உனக்குத்தான் அவரையும் அதிலிருந்து விடுவிக்கத் தெரிந்தது.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். உனக்கு நாலு வயது. ஒரு நாள் சாயங்காலம் நான் அவரைக் கூப்பிட்டு வரச் சொன்னேன். நீ கடை வாசலில் நின்று, "நைனா, அம்மா கூப்புடுது" என்றாய். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மற்றப் பிள்ளைகள் தங்கள் வீட்டு ஆணை எப்படிக் கூப்பிட்டார்களோ அப்படி நீயும் கூப்பிட்டாய். வலை பின்னிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள், ஒருத்தி சிரித்தாள். நான் வந்து உன் வாயிலேயே அடித்தேன். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. "மாமான்னு கூப்புடு" என்றேன். அவர் இறங்கி வந்து உன்னைத் தூக்கிக்கொண்டு போய் வாயைக் கழுவினார். என்னைப் பார்த்து, "பையனை அடிக்காதீங்க. எனக்கு எந்தப் பேரும் போதும்" என்றார். நீ அதற்குப் பிறகு கல்யாண மணையிலிருந்து எழுந்த நாள்வரை அவரை மாமா என்றுதான் கூப்பிட்டாய். அடி வாங்கியது உனக்கு நினைவிருக்கிறதா என்று நான் கேட்டதில்லை, கேட்கப் பயம். ஊருக்குப் பயந்தது பாதி, செத்துப்போனவருக்குத் துரோகம் ஆகிவிடுமோ என்று நினைத்தது பாதி. எதுவானாலும் அந்த அடி உனக்கும் அவருக்கும் சேர்த்து விழுந்தது. என்னை இரண்டு பேரும் மன்னிக்க வேண்டும்.

இன்னொன்று இதைவிடப் பெரியது. அவர் ஊரிலிருந்து வருஷத்துக்கு இரண்டு கடிதம் வரும். அவர்கள் வருஷப் பிறப்பும் நம்முடையதும் ஒட்டி ஒட்டியே வருவதால் சித்திரையில் ஒன்று, மழை முடிந்து வரும் பண்டிகைக்கு ஒன்று. தங்கை யாரையாவது வைத்து எழுதுவார். நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, ஆடி மாதத்தில், முறை தப்பி ஒரு கடிதம் வந்தது. அவர் சரக்கெடுக்கப் போயிருந்ததால் தபால்காரர் என்னிடம் கொடுத்தார். எனக்கு அந்த எழுத்துத் தெரியாது. ஆனால் உறையின் மேல் அவர் பேருக்குக் கீழே இரண்டு கோடு அழுத்திப் போட்டிருந்தது. அங்கே ஏதோ ஆகிவிட்டது, வரச் சொல்கிறார்கள் என்று அந்தக் கோட்டிலேயே தெரிந்துவிட்டது. உன் பெரியப்பா கேட்ட கேள்வி காதில் கேட்டது. போனால் வருவாரா? அங்கே சொந்த மண், சொந்த பாஷை, பெற்ற தாய். இங்கே கடைசி வரிசை. கடிதத்தைச் சத்துமாவு டின்னுக்கு அடியில் வைத்தேன். இரண்டு நாளில் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் கழித்து, இத்தனை நாள் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்பாரே என்று பயமாக இருந்தது. ஒரு வாரம் கழித்து அந்தப் பயம் இன்னும் பெரிதானது. நாற்பது நாள் கழித்து அடுத்த கடிதம் வந்தது. கடை வாசலில் நின்றபடி படித்தார். அப்படியே அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். அவர் அம்மா இறந்துபோயிருந்தார்.

அவர் தலையை மழித்துக்கொண்டு, வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு, பதின்மூன்று நாள் தனியாக உட்கார்ந்தது உனக்கு நினைவிருக்கும். ‘மாமாவுக்கு இன்னாம்மா ஆச்சு?’ என்று நீ கேட்டாய். அவர்கள் வழக்கப்படி அந்தப் பதின்மூன்று நாளும் உப்புச் சேர்க்கக் கூடாது. காற்றிலும் சுவரிலும் துணியிலும் உப்பு படிகிற இந்த ஊரில், உப்பில்லாத சோற்றை நான்தான் பொங்கிக் கொண்டுபோய் வைத்தேன். அவர் ஒவ்வொரு நாளும் என்னைக் கும்பிட்டுவிட்டுச் சாப்பிட்டார். பக்கத்து அறையில் அந்தக் கடிதம் இருந்தது. அதற்குப் பிறகு அவர் ஊருக்குப் போகும் பேச்சை எடுக்கவில்லை. "இனிமே யாரைப் பாக்க?" என்றார். தங்கை இருக்கிறாளே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது தங்கை பேரன் போனில் கூப்பிட்டுக் கொடுக்கிறான். ஒவ்வொரு தடவையும் தங்கை எப்போது வருகிறாய் என்று கேட்பார், இவர் அடுத்த வருஷம் என்பார். இப்படியே இவ்வளவு வருஷம் ஓடிவிட்டது.

உன் கல்யாணம் முடிந்த அன்று வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, "எங்க அம்மா பாத்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாங்க" என்றார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. உங்களை ரயிலேற்றிவிட்டு வந்த அன்று மாலை அந்தக் கடிதத்தை எடுத்து அவர் கையில் கொடுத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். வெளிச்சத்தில் கொண்டுபோய் வைத்துப் படித்தார். பழுப்பேறி மடிப்பில் கிழிந்திருந்தது. அம்மாவின் கண் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறது, உடனே வா என்று தங்கை எழுதியிருந்தாராம். மறுநாள் கடையைத் திறக்கவில்லை. காலையிலிருந்து இருட்டும்வரை ஏரியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் வைத்த சோறு அப்படியே இருந்தது. ஊர் வந்து என்னைக் கேட்டது, உடம்பு சரியில்லை என்றேன். அதற்கடுத்த நாள் காலை சவரம் செய்துகொண்டு வந்து என் எதிரே உட்கார்ந்தார். "லெட்டர் வந்திருந்தா நான் போயிருப்பேன். போயிருந்தா திரும்பி வந்திருப்பேன். நீங்க அத நம்பல. எனக்கு அதுதான் கஷ்டம்" என்றார். நான் தரையைப் பார்த்து அழுதேன். அப்புறம் அவர், "கஞ்சி ஆறுது, ஊத்துங்க" என்றார். என்னை மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. தட்டை என் பக்கம் நகர்த்தினார், நான் ஊற்றினேன்.

இதையெல்லாம் உனக்கு எழுதுவது நீ அவரை நினைத்துப் பரிதாபப்பட வேண்டும் என்பதற்காக இல்லை. எனக்குக் கிடைத்த மாதிரி மனுசர் எல்லோருக்கும் கிடைக்க மாட்டார். என் முதல் புருஷனுக்குக் காவல் நின்றார், என் பிள்ளையை வளர்த்தார், என் ஊர்க் கிழவர்களுக்கு மரியாதை கொடுத்தார். காலையில் கண் விழித்ததும் பக்கத்தில் டம்ளரில் சுடுதண்ணீர் வைத்திருப்பார், இத்தனை வருஷமும் ஒரு நாள் தவறியதில்லை. இவ்வளவும் கிடைத்த நான், அது கைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்தே அவருக்குப் பெரிய தீங்கு செய்தேன். நீ இப்போது புதிதாகக் குடித்தனம் ஆரம்பித்திருக்கிறாய். சுகன்யா தன் ஊரை, தன் வீட்டை நினைத்து ஏங்குவாள். போக வேண்டும் என்பாள். அப்போது லீவு இல்லை, பணம் இல்லை என்று காரணம் தேடாதே. நீ உண்மையிலேயே எதற்குப் பயப்படுகிறாயோ அதை அவளிடம் வாய்விட்டுச் சொல்லிவிடு. நான் ஒரே ஒரு தடவை "எனக்குப் பயமா கீது" என்று அவரிடம் சொல்லியிருந்தால் போதும், அவர் அம்மா முகத்தைப் பார்த்திருப்பார்.

போன வெள்ளிக்கிழமை நான் அவரிடம் கேட்டேன். "ஏங்க, சித்திரையில தடைக்காலம் வருது. படகு எதுவும் கடலுக்குப் போவாது, கடையிலயும் வேல கம்மி. நீங்க ஊருக்குப் போயிட்டு வாங்க. புள்ளைய கூட அனுப்புறேன்" என்றேன்.

அவர் நூல் கண்டுகளை அடுக்கிக்கொண்டே, "ரெண்டு நாள் நடக்கணும். எனக்கு இப்போ முட்டி வலி" என்றார்.

"இப்ப ரோடு போட்டுட்டாங்கன்னு உங்க தங்கச்சி பேரன் சொல்லுச்சே. ஜீப்பு போவுதாம்."

"கடை?"

"நான் பாத்துக்கறேன்."

அவர் அடுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "கடைய மூடிடலாம். நீங்களும் வாங்க" என்றார்.

கண்ணு, உன் அம்மாவின் புத்தியைப் பார். போனால் திரும்பமாட்டாரோ என்று இத்தனை வருஷம் பயந்தேன். கூடவே நானும் போகலாம் என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை. திருப்பதியைத் தாண்டி நான் எங்கும் போனதில்லை. மலை ஏறினால் மூச்சு வாங்குமா, அங்கே குளிர் எப்படி இருக்கும், அவர் தங்கையிடம் நான் எந்த முகத்தோடு நிற்பேன், எதுவும் எனக்குத் தெரியாது. அந்தக் கடிதத்தைப் பற்றி அவரிடமும் சொல்லத்தான் வேண்டும். இவர் மொழிபெயர்க்கிறேன் என்று மாற்றிச் சொல்லிவிடுவார், அதனால் நீ நேபாளி பாஷை தெரிந்த யாரிடமாவது கேட்டு நான் சொல்ல வேண்டிய நாலு வரியைத் தமிழ் எழுத்தில் எழுதி அனுப்பு. நான் மனப்பாடம் செய்துகொள்கிறேன். கோரக்பூர் வரை ரயில் இருக்கிறதாம், அங்கிருந்து எல்லைக்குப் பஸ். சித்திரை இரண்டாவது வாரத்தில் உனக்கும் சுகன்யாவுக்கும் லீவு கிடைக்குமா என்று பார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர் வாசலில் நின்று தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருக்கிறார். ஒரு வார்த்தையும் எனக்குப் புரியவில்லை. குரல் மட்டும் வேறு மாதிரி இருக்கிறது, சின்னப் பிள்ளை அவசரமாகப் பேசுகிற மாதிரி. எத்தனை பேர் வருகிறீர்கள் என்று தங்கை கேட்டிருப்பார் போலிருக்கிறது. இவர் சத்தமாக ஏதோ சொல்லிக்கொண்டே கையைத் தூக்கி நாலு விரலைக் காட்டுகிறார். போனில் பேசுகிறவருக்கு விரல் தெரியாது என்பது அவருக்கு நினைவில்லை. மறுபடியும் காட்டுகிறார்.

உன் அம்மா